அம்பு அத்தை

போன ஞாயிற்றுக்கிழமை பாப்பாவின் தோழிகள் மூன்று பேர் நம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் முன்னறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளறையில் பாப்பா தன் இடது காலில் இருக்கிற தழும்பைக் காட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏழு வயசுல பனியில உளுந்து ஒடஞ்சது. அப்பா கம்பெனியில ஒரு லூசு அத்தை இருந்துச்சு. எதப் பாத்தாலும் ஸ்டிக்கர் ஒட்டும். ரிப்பேரான சறுக்குப் பலகையில போயி செவப்பா ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வெச்சுருச்சு. நான் அதுதான் வேணும்னு எடுத்துட்டேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

பாப்பா மேல் தப்பில்லை. அவளுக்கு அந்தக் கதையை அப்படிச் சொல்லிக் கொடுத்தது அப்பாவாகிய நானும் உங்கள் அம்மாவும்தான். ஆனால் அதில் ஒரு வரி குறைகிறது. அது என்னிடம் ஏழு வருடமாக இருக்கிறது. அம்மாவுக்கும் தெரியாது. தம்பி, நீ அப்போது கைக்குழந்தை. உன்னை அம்மாயி வீட்டில் விட்டுவிட்டுத்தான் அந்தப் பனி மலைக்குப் போனோம். அதனால் உனக்கும் புரிகிற மாதிரி முதலிலிருந்தே எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். துணி மேல் சாக்பீஸால் கோடு போட்டுப் பழகிய கை இது. எழுத்து கோணலாகத்தான் வரும்.

பாப்பா சொன்ன அந்த அத்தையைக் கம்பெனியில் எல்லோரும் செக்கிங் அக்கா என்போம். ஒல்லியான ஆள். கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். ஆனால் வேலை செய்யும்போது அதைப் போட மாட்டார். கண்ணை விடக் கைக்குத்தான் வேலை அதிகம். டியூப்லைட்டுக்குக் கீழே நீளமான மேசை. தைத்து வருகிற பீஸை அதில் போட்டு, உள்பக்கம் வெளியே வருமாறு புரட்டி, கட்டை விரலால் தையல் மேல் ஓட்டிக்கொண்டே போவார். ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, தையல் விட்டுப்போனதோ இருந்தால் விரல் அங்கே நின்றுவிடும். பொட்டு அளவில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை, முனை பழுதைப் பார்த்திருக்கும்படி ஒட்டுவார். "ஆல்டருங்க" என்று தனிக் கூடையில் போடுவார். நல்ல பீஸ் என்றால் "ஓகேங்க."

ஒட்டின அம்பை யார் உரிக்கலாம் என்பதற்கு அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. பழுதைச் சரி செய்தவர்தான் உரிக்க வேண்டும். வேறு யார் கையும் அதில் படக்கூடாது.

ஒரு முறை சரக்கு கிளம்புகிற அவசரத்தில் ஒரு டெய்லர் ஒரு கட்டுப் பீஸில் இருந்த அம்புகளை எல்லாம் உரித்துவிட்டு, எதையும் சரி செய்யாமல் நல்ல பீஸோடு கலந்துவிட்டார். அக்கா அந்தக் கட்டை மறுபடி எடுத்தார். துணி மேல் கட்டை விரலை ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இங்க அம்பு இருந்துச்சு. பசை ஒட்டுது."

டெய்லர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏனுங்க தம்பி, அம்ப உரிச்சுட்டா ஓட்டை அடஞ்சு போயிருமாங்க?"

அவ்வளவுதான் கேட்டார். சத்தம் போடவில்லை. அந்த டெய்லர் அன்று மதியம் சாப்பிடவே இல்லை.

எனக்கும் அவருக்கும் உரசல் உண்டு. நான் கட்டிங் மாஸ்டர். நான் வெட்டியதில் கை நீளம் கூடிப்போனால் அதன் மேலும் அம்பு இருக்கும். "மாஸ்டர், சாக்பீஸ் கொஞ்சம் குடிச்சுட்டு வந்துருச்சாட்ட இருக்குது" என்பார். பக்கத்தில் இருக்கிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

அவருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. அதுதான் அவரோடு இருப்பதில் சிரமம். ஆயுத பூஜை அன்று முதலாளி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார், கையில் தேங்காய். அக்கா அவர் சட்டையின் கீழ் மடிப்பைப் புரட்டிப் பார்த்து, "ஏனுங்க மொதலாளி, இது எந்தக் கம்பெனிங்க? நாலு தையல் உட்டுப் போயிருக்குதுங்க" என்றார். முதலாளி சிரித்துவிட்டார். எல்லோருக்கும் அப்படிச் சிரிக்க வராது. பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் முன் சீட்டு ஆணியை ஆட்டிப் பார்த்துக்கொண்டே வருவார்.

நம் வீட்டுக்கு ஒரு நாள் சாப்பிட வந்தார். கை கழுவப் போனவர் சமையலறையில் கேஸ் டியூபைத் தடவிப் பார்த்து, அதில் ஓர் அம்பு ஒட்டிவிட்டு வந்தார். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் போன பிறகு, "சோறு திங்க வந்தவிய சும்மா திங்க வேண்டீதுதான? அந்தக்கா வந்தா ஊடே செக்கிங் டேபிளாட்ட ஆயிப்போவுது" என்றாள். அடுத்த வாரம் சிலிண்டர் கொண்டு வந்தவர் அந்த அம்பைப் பார்த்து, டியூபை வளைத்தார். உள்ளே வாயைத் திறந்தது போல் வெடிப்பு. டியூபை மாற்றிய பிறகு நான்தான் அந்த அம்பை உரித்தேன். சட்டப்படி.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர் அம்பு ஒட்டினால் அங்கே பழுது இருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

பாப்பாவுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அம்பு அத்தை என்று பெயர் வைத்ததே அவள்தான். தாள் முடிந்து மிச்சமிருக்கும் அம்புகளை அக்கா அவளுக்குக் கொடுத்தனுப்புவார். பென்சில் டப்பா, தண்ணீர் பாட்டில், பீரோக் கதவு, தம்பியின் மொட்டைத் தலை, எல்லாவற்றிலும் அம்பு. பாப்பாவுக்கு அம்பு என்றால் அத்தை தனக்குக் கொடுத்த பரிசு.

அந்த வருடம் எங்கள் கம்பெனியில் பனிப்பிரதேசத்துக்காரர்கள் உள்ளே போடுகிற தெர்மல் உடுப்பு தைத்தோம். பெரிய சரக்கு. பழுதென்று ஒரு பீஸ் கூடத் திரும்பி வரவில்லை. முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நாம தெச்சதப் போட்டுட்டு அவிய எப்படித்தான் சறுக்கறாங்கன்னு நம்ம ஆளுகளும் ஒருக்கா பாக்கட்டும். அஞ்சு குடும்பம் வாங்க. மக்க மனுசரோட வாங்க" என்றார். இமாசலத்தில் ஒரு மலை ஊர். பனிச்சறுக்கு சொல்லிக் கொடுக்கிற விடுதி.

"எனக்குக் குடும்பம் இல்லீங்களேங்க" என்றார் அக்கா. புருஷன் போய்ச் சேர்ந்து வெகு காலம். பிள்ளை கிடையாது. காங்கேயம் பக்கத்து ஆள். கம்பெனிக்குப் பின்னால் லைன் வீட்டில் ஓர் அறையில் இருந்தார்.

"பீஸு திரும்பாததே உங்களாலதானுங்க. நீங்க வராம எப்படி? மாஸ்டர் குடும்பத்தோட சேந்துக்குங்க."

அப்படித்தான் அவர் நம் குடும்பத்தில் ஒருவராக மலைக்கு வந்தார். ரயிலில், பஸ்ஸில், விடுதி அறையில், பாப்பா அவர் மடியிலேயே இருந்தாள். அம்மாவுக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

முதல் நாள் காலை பனியைப் பார்த்து எல்லோரும் அப்படியே நின்றோம். பஞ்சு குடோன் கூரை பிய்ந்து ஊர் முழுக்கக் கொட்டிய மாதிரி. அக்கா மட்டும் என் மணிக்கட்டைப் பிடித்து, கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த தெர்மல் கையை இழுத்துப் பார்த்தார்.

"மாஸ்டர், இது நாந் தள்ளுன பீஸுங்க. கை ஒரு இஞ்ச் நீளம். நீங்க வெட்டுனதுதான். உங்களுக்கே வந்து சேந்துருச்சு பாருங்க."

முதலாளி எங்களுக்குக் கொடுத்தது கழிவு பீஸ்களை. எல்லோரும் தங்கள் தங்கள் பழுதைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு அவரோடு நான் சிரித்ததில்லை.

சறுக்குப் பலகை வாடகைக்குக் கொடுக்கிற கொட்டகைக்குப் போனோம். கல் மாதிரி பூட்ஸ். அதைப் பலகையில் வைத்து அழுத்தினால் குதிகாலில் ஒரு க்ளிப் கவ்விக்கொள்ளும். கீழே விழுந்தால் அது தானாக விட வேண்டும். விட்டால்தான் கால் தப்பிக்கும். சறுக்கச் சொல்லிக் கொடுப்பவர் இதைக் கையைக் காலை ஆட்டிக் காட்டினார். அக்கா நன்றாகக் கவனித்துக்கொண்டார்.

பிறகு எங்கள் குடும்பத்துக்கு ஒதுக்கிய பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். பூட்ஸை மாட்டுவார், உதறுவார், விடுகிறதா என்று பார்ப்பார். பிள்ளைகளுக்கான சின்னப் பலகை ஒரு ஜோடி. அதில் ஒன்று விடவில்லை. உதறினார். கவ்விப் பிடித்துக்கொண்டே இருந்தது. கொட்டகைக்காரரிடம் போனார். அந்த மனுஷருக்கு ஐம்பது வயசிருக்கும், கம்பளித் தொப்பி.

"ஏனுங்க, இது உடமாட்டீங்குதுங்க."

"ஓகே மேடம், ஓகே."

"ஓகேன்னு நீங்க சொல்லப்படாதுங்க. அத நாஞ் சொல்லோணும்."

முதலாளி மனைவி சிரித்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. யாரோ இந்தியில் "ஜல்தி, ஜல்தி" என்றார்கள். அக்கா அடுத்த குடும்பத்தின் பலகைகளையும் சோதிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா, செக்கிங்கக் கம்பெனியிலயே உட்டுட்டு வர மாட்டீங்களா? இத்தன பேரு முன்னால மானம் போவுது. ஒரு நாளைக்காச்சும் சும்மா இருங்க."

அவர் என்னைப் பார்த்தார். "சரிங்க மாஸ்டர்" என்றார்.

வாதாடவில்லை. மஞ்சப்பைக்குள் கை விட்டார். ஸ்டிக்கர் தாளை மலை வரைக்கும் கொண்டு வந்திருந்தார். ஓர் அம்பைக் கிழித்து, க்ளிப்பைப் பார்த்து முனை இருக்கும்படி அந்தச் சின்னப் பலகையில் ஒட்டினார். ஜோடியைச் சுவர் ஓரமாகத் தனியே சாய்த்து வைத்தார். பிறகு வெளியே போய்ப் பனியில் நின்றுகொண்டார். அவர் கணக்கில் வேலை முடிந்துவிட்டது. அம்பு ஒட்டித் தனியே வைத்ததை எங்கள் கம்பெனியில் ஒருத்தரும் எடுக்க மாட்டார்கள். எல்லா ஊரிலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்.

பாப்பா அம்மாவோடு பாத்ரூம் போயிருந்தாள். திரும்பி வந்ததும் நேராகச் சுவர் ஓரம் ஓடினாள்.

"அப்பா! அம்பு அத்தை எனக்குன்னு எடுத்து வெச்சிருக்குது பாரு! அம்பு போட்டிருக்குது!"

கொட்டகைக்காரரும் தலையாட்டினார். ஸ்டிக்கர் இருப்பதால் எங்களுக்கு ஒதுக்கியது என்று அவர் நினைத்திருப்பார். நான் குனிந்து பாப்பாவுக்கு மாட்டிவிட உட்கார்ந்தேன். அம்பைப் பார்த்தேன். முனை எதைக் காட்டுகிறது என்பதையும் பார்த்தேன்.

வேறு பலகை கேட்க மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். வெளியே முதலாளி குடும்பம் போட்டோ எடுக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பாப்பா மாற்ற விட மாட்டாள், அழுவாள். சின்னப் பிள்ளைகள் சறுக்குகிற இடம்தானே, நம் தெருச் சரிவு கூட இருக்காது. இவ்வளவும் என் மனதில் ஓடியது. ஆனால் இவை எதுவும் காரணம் இல்லை. அந்தப் பலகையை மாற்றினால் அக்கா சொன்னது சரி என்று ஆகிவிடும். அவரை அதட்டி ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை. அதுதான் காரணம்.

அக்கா பார்த்தால் மறுபடி ஆரம்பித்துவிடுவார் என்று, அந்த அம்பின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். குளிரில் பசை விறைத்திருந்தது, சுலபமாக வந்துவிட்டது.

அம்பைக் கழற்றி எடுத்தது நான்.

பாப்பா மூன்று முறை நன்றாகத்தான் சறுக்கினாள். நான்காவது முறை குறுக்கே வந்த ஒரு பிள்ளைக்காக ஒதுங்கினாள். பக்கவாட்டில் விழுந்தாள். வலது பலகை கழன்று தனியே ஓடியது. இடது பலகை விடவில்லை. கால் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம் திரும்பியது. அவள் கத்திய கத்தலை எழுத எனக்குத் தெரியாது.

முதலில் ஓடியவர் அக்காதான். இரண்டு இடத்தில் விழுந்து எழுந்து ஓடினார். க்ளிப்பை இரண்டு கையாலும் இழுத்தார், வரவில்லை. சொல்லிக் கொடுப்பவர் வந்து குதிகாலால் உதைத்துத் திறந்தார். பாப்பாவைச் சறுக்கு வண்டியில் படுக்க வைத்துக் கீழே கொண்டு போனார்கள், அம்மா கூடவே ஓடினாள்.

நானும் ஓடத் திரும்பினேன். அக்கா அந்தப் பலகையைக் கையில் எடுத்திருந்தார். கையுறையைக் கழற்றினார். கட்டை விரலைப் பலகை மேல் ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

என் கோட்டுப் பைக்குள் அந்த அம்பு உருண்டையாகிக் கிடந்தது. அவர் பலகையைப் பனியில் குப்புறப் போட்டுவிட்டு எனக்கு முன்னால் இறங்கிப் போனார்.

ஆஸ்பத்திரியில் காலில் தகடு வைத்து ஆபரேஷன் பண்ணினார்கள். வராந்தாவில் முதலாளி, அவர் மனைவி, அம்மா, அக்கா, நான். மயக்கத்துக்கு முன்னால் பாப்பா அழுதுகொண்டே "அம்பு அத்தை வெச்ச பலகை" என்று சொல்லியிருக்கிறாள். அம்மா அக்கா மேல் பாய்ந்தாள்.

"புள்ளைக்கு அம்புன்னா உசுருன்னு உங்களுக்குத் தெரியாதாங்க? ஒடஞ்சதுல போயி ஒட்டுவாங்களா?"

"அத ஒட்டறதுக்குப் பதிலா வாய் தொறந்து சொல்லியிருக்கலாமில்லீங்களா?" என்றார் முதலாளி. அவர் அப்போது வெளியே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். கொட்டகையில் நடந்தது அவருக்குத் தெரியாது. அவர் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா என்னை ஒரு தரம் பார்த்தார். நான் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்.

"சொல்லியிருக்கோணுங்க" என்றார். "தப்புத்தானுங்க."

"ஆனா பலகையில ஸ்டிக்கரு ஒண்ணையும் காணமே?" என்றார் முதலாளி.

"பனியில உளுந்திருக்கும்" என்றேன்.

மலையில் நான் பேசிய கடைசிப் பொய் அது. அதற்குப் பிறகு பொய் சொல்லத் தேவைப்படவில்லை. சும்மா இருந்தாலே போதும் என்று ஆகிவிட்டது.

ஊருக்கு வந்ததும் கதை பரவிவிட்டது. அக்காவைச் செக்கிங் மேசையிலிருந்து எடுத்து, பிசிர் நூல் வெட்டுகிற மேசையில் உட்கார வைத்தார்கள். கத்தரியால் வெட்டினார். கை பீஸ் மேல் ஓடும், ஓரிடத்தில் நிற்கும், பிறகு நகர்ந்துவிடும். ஒன்றரை மாதம் அப்படி உட்கார்ந்திருந்தார். நான் தினமும் அந்த மேசையைத் தாண்டித்தான் கட்டிங்குக்குப் போனேன்.

ஒரு நாள் மத்தியானம் நம் வீட்டுக்கு வந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தாள். பாப்பா மாவுக்கட்டோடு கட்டிலில் இருந்தாள். அவளுக்கு ஒரு பை நிறைய நிலக்கடலை வறுத்துக் கொண்டு வந்திருந்தார்.

"அத்த, கட்டு மேல ஒரு அம்பு ஒட்டி உடு" என்றாள் பாப்பா.

"இல்ல கண்ணு. அம்பு வெளையாட்டுச் சாமான் இல்ல. உனக்கு அதக் குடுத்துப் பழக்குனது எந் தப்பு. இனி எங்கியாச்சும் அம்பப் பாத்தா எடுக்கப்படாது. பெரியவிய யாருகிட்டயாச்சும் காட்டோணும். செரியா?"

"நான் அப்பாகிட்டக் காட்டுனேனே!"

நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அக்கா திரும்பவில்லை. பாப்பாவின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டார்.

"அப்பா அவசரத்துல இருந்திருப்பாரு, கண்ணு."

எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, என் சட்டைக் காலரில் நீட்டிக்கொண்டிருந்த நூலைப் பார்த்தார். எப்போதும் போல் கை வந்தது. பாதியில் நின்றது. நூலைத் தொடாமலே கையை எடுத்துக்கொண்டார்.

"வர்றனுங்க மாஸ்டர்."

அடுத்த நாளிலிருந்து அவர் கம்பெனிக்கு வரவில்லை. லைன் வீட்டைக் காலி செய்துவிட்டார் என்றார்கள்.

பாப்பா, அப்பாகிட்டக் காட்டினேன் என்று நீ சொன்னது உனக்கு மறந்துவிட்டது. வளர வளர நாங்கள் சொன்ன கதைதான் உன் ஞாபகமாகிவிட்டது. மழைக்காலத்தில் கால் வலிக்கும்போது நீ திட்டுவது அவரை. நான் எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு வேலையாகக் காங்கேயம் போனபோது, ஓர் எண்ணெய் மில் களத்தில் அவரைப் பார்த்தேன். வெயிலில் பரப்பிய தேங்காய்ப் பருப்பில் பூஞ்சை பிடித்ததைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் எடுத்து, புரட்டி, கட்டை விரலை ஓட்டினார். நான் கேட் வரை போனேன். கேட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டேன்.

பிள்ளைகளா, உங்களுக்குப் புத்தி சொல்ல இதை எழுதவில்லை. அவர் லூசு இல்லை என்று நம் வீட்டில் எழுதி வைக்க வேண்டும், அதற்காகத்தான். வருகிற ஞாயிறு நான் காங்கேயம் போகிறேன். இந்தத் தடவை கேட்டுக்கு உள்ளே போவேன். நான் அவரைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த நோட்டைப் பாப்பா படிக்க வேண்டும், பிறகு அம்மா. படித்துவிட்டு என்னோடு பேசுவதும் பேசாமல் இருப்பதும் உங்கள் இஷ்டம்.

நேற்று கம்பெனியில் செக்கிங் மேசையிலிருந்து ஓர் அம்பு வாங்கி வந்தேன். இந்த நோட்டில் முந்தின ஒரு பக்கத்தில் "அம்பைக் கழற்றி எடுத்தது நான்" என்று ஒரு வரி இருக்கிறது அல்லவா, அதற்கு நேராக ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன். முனை அந்த வரியைப் பார்த்திருக்கும். அழகாக இருக்கிறது என்று தம்பி உரித்துவிடாதே. யாரும் உரிக்க வேண்டாம். காங்கேயம் போய் வந்த பிறகு, உரிக்கிற தகுதி இருந்தால் நானே உரிக்கிறேன். இல்லையென்றால் அது அங்கேயே இருக்கட்டும்.